குதிக்காத சன்னாசி

சன்னாசி நடக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே நீந்தக் கற்றுக்கொண்டான் என்று அவன் அம்மா ராக்காயி சொல்வாள். அது பொய். அவன் நீந்தக் கற்றது பத்து வயதில். அதுவும் மாடு ஒன்று முட்டித் தண்ணீருக்குள் தள்ளியதால். ஆனால் கற்றபின் தண்ணீரை விட்டு அவனை வெளியே எடுப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

மலேசியாவில் காம்பாருக்குப் பக்கத்தில் அவர்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தை ஒட்டி, ஈயம் தோண்டியவர்கள் தோண்டிவிட்டுப் போன குட்டைகள் ஏழெட்டு கிடந்தன. பச்சைத் தண்ணீர், ஆழம் யாருக்கும் தெரியாது, அலை கிடையாது. காலையில் ரப்பர் மரத்தில் பால் எடுத்து, மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் சன்னாசி நேரே குட்டைக்குத்தான் போவான். அக்கரைக்குப் போய்த் திரும்புவதை மற்றவர்கள் வீரமாக நினைத்த காலத்தில், அவன் அக்கரையில் ஒரு மரவள்ளிக்கிழங்கைப் பிடுங்கி, வாயில் கவ்விக்கொண்டு திரும்புவான். தோட்டத்து லயத்தில் அவனுக்கு ‘மொதலை’ என்று பெயர்.

அறுபதுகளின் கடைசியில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். சன்னாசி குடும்பத்தோடு ஈப்போ நகரத்துக்கு வந்து, அங்கே சிலிபின் பகுதியில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்தான். அதே வரிசையில் இருந்த மங்களத்தைக் கட்டிக்கொண்டான். மங்களத்தின் அண்ணன் கார்த்திகேசு லாரி ஓட்டினான். அந்த லாரியிலேயே ஏற்றி இறக்கும் வேலை சன்னாசிக்குக் கிடைத்தது. லுமுட் படகுத்துறைக்குப் போய் மீன் கூடைகளை ஏற்றி, மேலே ஐஸ் கொட்டி, ஈப்போ மார்க்கெட்டுக்குக் கொண்டு வர வேண்டும். முதலை கடைசியில் மீனோடு சேர்ந்துவிட்டது என்று கார்த்திகேசு கேலி செய்வான்.

எழுபத்து நாலாம் வருடம் ஒரு மத்தியானம். மீன் படகு வரவில்லை. மச்சானும் மாப்பிள்ளையும் ஜெட்டி என்கிற அந்தப் படகுத்துறையை ஒட்டிய கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச ஒன்றும் இல்லாதபோது ஆண்கள் பேசுவதைப் பேசினார்கள்.

“குட்டையில நீந்துறதெல்லாம் ஒரு நீச்சலா மாப்ள? அது பெரிய குளிக்கிற தொட்டிதான்லா” என்றான் கார்த்திகேசு.

சன்னாசிக்குச் சுருக்கென்றது. கடலைப் பார்த்தான். தூரத்தில், கப்பல்களுக்கு வழி காட்டும் சிவப்பு மிதவை ஒன்று சும்மா ஆடிக்கொண்டிருந்தது. குட்டையின் அகலத்தில் இரண்டு பங்கு இருக்குமா? இருக்கும்.

“அந்தா செகப்பா ஒன்னு தெரியுதே, அதைத் தொட்டுட்டு நீ இந்தக் கோப்பிய குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வாரேன். வரலன்னா என் பேரு சன்னாசி இல்ல.”

“அப்ப வேற என்ன பேரு வைக்கலாம்னு சொல்லிட்டுப் போ” என்றான் கார்த்திகேசு.

சன்னாசி சட்டையையும் கைலியையும் கழற்றி நாற்காலியில் போட்டான். உள்ளே பழைய பந்தாட்டக் கால்சட்டை ஒன்று போட்டிருந்தான். நாடா போட்டு இடுப்பில் இறுக்கியது. ஜெட்டியின் ஓரத்துக்குப் போய், கோப்பிக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குதித்தான்.

முதல் நாற்பது வீச்சு ராஜ நடை. தண்ணீர் உப்புக் கரித்தது, மேலே எண்ணெய் மினுக்கியது, அது போகட்டும். நாற்பத்தோராவது வீச்சில் தலையைத் தூக்கிப் பார்த்தால் மிதவை இடப்பக்கம் தள்ளிப்போயிருந்தது. ‘மிதவையைக் கட்டிப் போடவில்லையா?’ என்று அவனுக்குக் கோபம் வந்தது. இன்னும் இருபது வீச்சு போட்டான். மிதவை இன்னும் தள்ளிப்போயிருந்தது. திரும்பி ஜெட்டியைப் பார்த்தான். அதுவும் தள்ளிப்போயிருந்தது. அப்போதுதான் மிதவையும் நகரவில்லை, ஜெட்டியும் நகரவில்லை, போய்க்கொண்டிருப்பது தான்தான் என்று சன்னாசிக்குப் புரிந்தது. தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம் அது. குட்டைத் தண்ணீருக்கு எங்கும் போகும் பழக்கம் கிடையாது. இது வேலைக்குப் போகிற தண்ணீர். அவனையும் கூட்டிக்கொண்டு போனது.

அந்த நேரம் பார்த்துப் பங்கோர் தீவிலிருந்து ஆள் ஏற்றி வரும் பெர்ரி படகு வந்தது. சன்னாசி ஒரு கையைத் தூக்கி ஆட்டினான். பெர்ரி நேரே வந்தது. இரண்டு கையையும் தூக்கினான், முழுகினான். முழுகினபோது காதுக்குள் பெர்ரியின் விசிறி சுழலும் சத்தம் கேட்டது. அரிசி மில்லுக்குள் தலையை விட்ட மாதிரி என்று பின்னால் சொல்வான். மேலே வந்தபோது பெர்ரியின் பக்கவாட்டுப் பலகை சுவர் போல ஓடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு சீனக் கிழவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அவனுக்கும் பத்தடிதான். அவள் தோலைத் தூக்கிப் போட்டாள், அது அவன் நெற்றியில் விழுந்தது. அவள் பார்க்கவில்லை.

பின்பக்கம் கடந்தபோது தண்ணீர் அவன் கால்களைப் பிடித்து இழுத்தது. யாரோ கீழே உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்து ‘வாடா’ என்று கூப்பிடுவது போல இருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, வாய் நிறைய எண்ணெய்த் தண்ணீர். எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. தன் உடம்பு இப்படித் தன் பேச்சைக் கேட்காமல் போனது சன்னாசியின் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. மாரியம்மனைக் கூப்பிட வாயைத் திறந்தான். அதிலும் தண்ணீர்தான் போனது.

பெர்ரி அவனைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. நீரோட்டம் அவனை மிச்சமும் இழுத்துக்கொண்டு போய், அவன் குறி வைத்த சிவப்பு மிதவையை விட்டுவிட்டு, அதற்கும் அப்பால் இருந்த பச்சை மிதவையில் மோதியது. அதைக் கட்டிப்பிடித்தான். மிதவையின் அடியெல்லாம் சிப்பி. நெஞ்சு, முழங்கை, தொடை என்று பார்க்காமல் கீறியது. ஏறி உட்கார்ந்தபோது உயிர் இருந்தது. கால்சட்டையின் நாடா இல்லை.

அடுத்த ஒன்றரை மணி நேரம்தான் சன்னாசி தன் வாழ்நாளில் யாரிடமும் விவரமாகச் சொல்ல விரும்பாத பகுதி. மிதவை ஆடும். ஒரு கையால் அதன் கம்பியைப் பிடிக்க வேண்டும். மறு கையால் கால்சட்டையைப் பிடிக்க வேண்டும். பெர்ரிகள் இரண்டு போயின, இரண்டு வந்தன. உல்லாசப் பயணம் வந்தவர்கள் அவனைப் பார்த்துக் கை அசைத்தார்கள். பதிலுக்கு அசைக்க அவனிடம் மூன்றாவது கை இல்லை. ஆகையால் மிதவையைத் துடைக்க வந்த அரசாங்க ஆள் போலிருக்கிறது, கொஞ்சம் மண்டைக்கனம் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

கரையில் கார்த்திகேசு முதல் கோப்பியை முடித்தான், சிரித்தான். இரண்டாவது கோப்பியை வாங்கினான், குடிக்கவில்லை. ஜெட்டி முழுக்க ஓடினான். பிறகு கண்ணில் பட்ட முதல் படகில் ஏறி, “அடிக் சாயா மசோக் லாவுட்! மசோக் லாவுட்!” என்று அழுதான். தம்பி கடலுக்குள் போய்விட்டான் என்று அர்த்தம். மாப்பிள்ளை என்பதற்கு மலாயில் என்ன சொல்வது என்று அவனுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

அந்தப் படகை ஓட்டும் சாரங்கு பாக் ஹருன். ஐம்பது வயது, வெற்றிலைக் கறைப் பல். படகை மிதவையோரம் ஒட்டி நிறுத்தி, சன்னாசியை மேலிருந்து கீழ் வரை பார்த்துவிட்டு, தன் சாரோங் ஒன்றைத் தூக்கி எறிந்தார். கட்டிக்கொண்ட பிறகுதான் பேசினார். எல்லாம் மலாயில்தான்.

“நீ நல்லா நீந்துவியா?”

“நீந்துவேன்” என்றான் சன்னாசி. வேறு என்ன சொல்வது?

“நல்லா நீந்துறவங்களைத்தான் நான் இங்கே தூக்கியிருக்கேன். நீந்தத் தெரியாதவன் இதுவரைக்கும் ஒருத்தனும் குதிச்சதில்ல.”

திரும்பும் வழியில் பாக் ஹருன் அவனைச் சுக்கான் அறைக்குள் தன் பக்கத்தில் நிற்க வைத்தார். மூலையில் கிடந்த உரித்த தேங்காய் ஒன்றை எடுத்து முன்பக்கமாகத் தூரத்தில் வீசினார். “அதைப் பாத்துக்கிட்டே இரு. எங்கே இருக்குன்னு சொல்லு.”

சன்னாசி கண்ணைக் கொட்டாமல் பார்த்தான். முதல் அலையிலேயே தேங்காய் மறைந்தது. “அந்தா” என்று காட்டினான். அது ஒரு கட்டை. “இல்ல, அந்தா”; அது ஒரு பறவை, பறந்துபோனது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. படகின் மூக்குக்குக் கீழே இருப்பது எதுவுமே சுக்கான் அறையிலிருந்து தெரியவில்லை. பிறகு பின்னால் டக்கென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தான். நுரைக்குள் வெள்ளையாக இரண்டு பாதி மிதந்தன.

பாக் ஹருனின் முகமும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. “நான் வேணும்னு ஏத்தல. சுத்திக்கிட்டுத்தான் போனேன். எனக்கும் தெரியல.”

சன்னாசி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். 

அன்றைக்கு மீன் படகு வந்தபோது கூடைகளில் ஐஸ் கொட்ட ஆள் இல்லாமல் போய், ஈப்போ மார்க்கெட்டுக்குள் லாரி நுழையும் முன்பே அதன் வாசம் நுழைந்துவிட்டது. மீன் முதலாளியான சீனத் தவுக்கே மூக்கைப் பொத்திக்கொண்டே சன்னாசிக்குச் சீட்டைக் கிழித்தார். கார்த்திகேசுக்கு லாரி ஓட்டத் தெரிந்ததால் தப்பித்தான்.

இரண்டு வாரம் கழித்து, துவைத்து இஸ்திரி போட்ட சாரோங்கையும் ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு சன்னாசி பஸ் ஏறி லுமுட்டுக்குப் போனான். திருப்பிக் கொடுத்துவிட்டு வருவதுதான் எண்ணம். பாக் ஹருன் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டார்: “ஜெட்டியில கயிறு பிடிக்க ஆள் தேடுறாங்க. வாரியா?”

“எனக்குக் கடலைப் பத்தி என்ன தெரியும்?”

“பயம் தெரியும்ல, அது போதும். மத்ததை நான் சொல்லித் தரத் தேவையில்ல, கயிறே சொல்லித் தரும்.”

மங்களத்திடம் வந்து சொன்னபோது அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. “கடலு ஒன்னைய ஒரு தடவ விட்டுட்டுப் போச்சேன்னு நீயே தேடிப் போறியாக்கும். சரி, போலாம். ஆனா நானும் வாரேன். ஒன்னைய அந்தத் தண்ணிகிட்ட தனியா விட்டுட்டு என்னால சிலிபின்ல சோறு தின்ன முடியாது.”

இப்படியாக இருவரும் லுமுட்டுக்கு வந்தார்கள். மங்களம் ஜெட்டி கேன்டீனில் சமையலுக்குச் சேர்ந்தாள். சன்னாசி பெர்ரி வரும்போது எறியும் கயிற்றைப் பிடித்துத் தூணில் சுற்றுவான், பலகையைப் போடுவான், கிழவிகளின் கையைப் பிடித்து இறக்குவான். இதெல்லாம் சம்பளத்துக்கு. சம்பளம் இல்லாமல் ஒரு வேலையைத் தானே எடுத்துக்கொண்டான்: ஜெட்டியில் எவனாவது சட்டையைக் கழற்றினால் அவன் பக்கத்தில் போய் நிற்பது.

“அண்ணே, சூடா இருக்குண்ணே, ஒரு முழுக்கு போட்டுட்டு ஏறிடுறேன்” என்பார்கள்.

“முழுக்கு நீ போடலாம். ஏத்துறது யாருலா? போ, போ, கேன்டீன் பின்னால பைப்பு இருக்கு.”

தமிழிலும் மலாயிலும் கத்துவான். மீன்கார தவுக்கே ஒருவரிடம் கேட்டு ஹொக்கியன் என்ற சீன மொழியிலும் ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டான். ‘குதிக்காதே’ என்று நினைத்து ஒரு வருடம் முழுக்க அதைக் கத்தினான். சீனர்கள் சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு போனதால் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தான். அதற்கு ‘இன்னும் வேகவில்லை’ என்றுதான் அர்த்தமாம். தெரிந்த பிறகும் அவன் மாற்றவில்லை, பலன் இருக்கிறதே!

கார்த்திகேசிடம் பழைய லாரி டியூப்புகளைக் கெஞ்சி வாங்கி, காற்றடித்து, ஒவ்வொன்றிலும் நீளக் கயிறு கட்டி, ஜெட்டித் தூண்களில் வரிசையாகத் தொங்கவிட்டான். பார்ப்பவர்களுக்கு அது டயர்க் கடை போலத் தெரிந்தது. “மொதலைக்கு இப்பத் தண்ணின்னாலே பயம்” என்று கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். குழம்பு ஊற்றும்போது மங்களம் அப்படிப் பேசியவர்களுக்கு மட்டும் மீன் தலையாகவே பார்த்துப் போடுவாள்.

ஒன்பது வருடம் இப்படிப் போனது. எண்பத்து மூன்றில், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், ஒரு திங்கட்கிழமை. ஜெட்டியில் நிற்க இடம் இல்லை. ஈப்போவிலிருந்து வந்த புதுமணத் தம்பதி ஒன்று பங்கோருக்குப் போக வரிசையில் நின்றது. மாப்பிள்ளை அலெக்சாண்டர், ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. பெண் பெட்ரீசியா. சனிக்கிழமை தேவாலயத்தில் கல்யாணம். மருதாணி கூட மங்கவில்லை. பெட்ரீசியா தலையில் ஒரு பெரிய வெள்ளைத் தொப்பி, ரிப்பன் வைத்தது.

காற்று அந்தத் தொப்பியை எடுத்துக்கொண்டது. தண்ணீரில் போய் அழகாக உட்கார்ந்தது.

“ஐயோ, தொப்பி!” என்றாள் பெட்ரீசியா. அவ்வளவுதான் சொன்னாள். எடுத்து வா என்று சொல்லவே இல்லை என்று பிறகு பல தடவை சத்தியம் செய்தாள். ஆனால் கல்யாணமாகி இரண்டு நாள் ஆன ஒருவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானது. அலெக்சாண்டர் காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினான். சன்னாசி அப்போது ஒரு கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பார்த்துக் கத்துவதற்குள் மாப்பிள்ளை முழுக்கால்சட்டையோடு குதித்துவிட்டான்.

பெர்ரியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சன்னாசி கிழவரை அப்படியே பக்கத்திலிருந்தவர் மேல் சாய்த்துவிட்டு, சுக்கான் அறையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினான்: “மாத்தி எஞ்சின்! ஓராங் ஜாத்தோ! மாத்தி எஞ்சின்!” எஞ்சினை நிறுத்து, ஆள் விழுந்துவிட்டான். கத்திக்கொண்டே தலைக்கு மேல் இரு கையையும் குறுக்காக வீசினான். எஞ்சின் இருமி இருமி நின்றது.

கூட்டம் சன்னாசியைப் பார்த்தது. அலெக்சாண்டர் இருபது அடிக்கு அப்பால் தொப்பியைப் பிடித்துவிட்டு, திரும்ப முடியாமல் கைகளை அடித்துக்கொண்டிருந்தான். ஜெட்டியிலேயே பெரிய நீச்சல்காரன் சன்னாசி என்று அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும்.

சன்னாசி ஒரு டியூப்பைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டான். பிறகு அலெக்சாண்டருக்கு எதிர்ப்பக்கமாக, கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

“டேய், ஓடுறான் பாருடா!”

“நீந்தத் தெரிஞ்சவனே ஓடுறான்! கோழைப் பய!”

பெட்ரீசியா அலறினாள். யாரோ ஒருவர் சட்டையைக் கழற்றத் தொடங்கினார். கேன்டீனிலிருந்து வெளியே வந்த மங்களத்துக்குத் தெரிந்தது புருஷனின் முதுகும், ‘கோழை’ என்று கத்திய ஒரு வாயும்தான். கையில் சம்பல் கரண்டி இருந்தது. கரண்டி அந்த வாயின் மேலேயே இறங்கியது. சட்டையைக் கழற்றினவர் அதைப் பார்த்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

சன்னாசி ஓடியது ஜெட்டியின் கடல் பக்க நுனிக்கு. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அலெக்சாண்டர் இருக்கும் இடத்துக்குப் போவதில் பயன் இல்லை. அவன் வரப்போகும் இடத்துக்குப் போக வேண்டும். கடைசித் தூணில் கயிற்றின் நுனியைக் கட்டினான். பாசி பிடித்த படியில் இறங்கி முழங்கால் நீரில் நின்றான். சற்று நேரத்தில் தூண்களுக்கு வெளியே ஒரு தலை வந்தது; மேலே வெள்ளை ரிப்பனும் தெரிந்தது.

முதல் வீச்சு தவறியது. டியூப்பை இழுத்து, மறுபடி வீசினான். கைக்கெட்டும் தூரத்தில் விழுந்தது.

“பிடிலா!”

அலெக்சாண்டர் ஒரு கையை நீட்டினான். வழுக்கியது. மறு கையில் தொப்பி இருந்தது.

“தொப்பிய விடுய்யா!”

“அவ... திட்டுவாண்ணே...”

“உயிரோட வந்தாத்தானே திட்டுவா! விட்டுத் தொலை!”

விட்டான். இரண்டு கையாலும் டியூப்பைக் கட்டிக்கொண்டான். நீரோட்டம் அவனையும் டியூப்பையும் சேர்த்து இழுத்தது. கயிறு சன்னாசியின் உள்ளங்கையில் ஓடித் தோலை உரித்தது. தூணில் கட்டியிருந்த முடிச்சு வரை போய் நின்றது. அதன் பிறகு மேலிருந்து நாலைந்து பேர் இறங்கி வந்து இழுத்தார்கள். சிப்பித் தூணில் உரசி முழங்கையில் ரத்தம் வழிய, அலெக்சாண்டர் படியில் ஏறி, சாப்பிட்ட நாசி லெமாக் சோற்றையெல்லாம் கடலுக்கே திருப்பிக் கொடுத்தான். பெட்ரீசியா ஓடி வந்து கன்னத்தில் ஒரு அறை விட்டாள். பிறகு கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு சன்னாசியின் காலைத் தொடக் குனிந்தாள். அவன் பதறி விலகியதில் டியூப் தடுக்கி, படியில் உட்கார்ந்துவிட்டான்.  

தொப்பி இவர்களுக்கு முன்பே பங்கோரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் கேன்டீனை மூடிவிட்டு, மங்களம் அவன் உள்ளங்கைகளில் தேங்காய் எண்ணெய் தடவினாள். அவன் ஊ, ஆ என்றான்.

“ஒன்னு கேக்குறேன், உண்மையச் சொல்லு. அவன் அங்க தத்தளிக்கிறப்ப ஒனக்குக் குதிக்கணும்னு தோணவே இல்லியா?”



“தோணாமலா? ரெண்டு காலும் குதிக்கத்தான் பாத்துச்சு. ஓடுறப்பகூட ஓரத்துப் பக்கமே இழுத்துச்சு. காலை ஓட வைக்கிறதுதான் மங்களம், பெரிய பாடாப் போச்சு.”

“பின்னால கோழைன்னு கத்துனாங்களே, கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“என்ன பண்ணுன?”

“இன்னும் வேகமா ஓடுனேன்.”

மங்களம் அவன் கையை விட்டுவிட்டு, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “சரி, மத்தக் கையக் குடு” என்றாள்.